டோஜோவுக்கு எதற்கு மார்கழி?

மே மாதத்துப் பகல். மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. ஏர் பம்ப் நின்றுபோன மீன்தொட்டியில் தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடித் தவிக்கின்றன. இன்னும் சிறிது நேரம் இப்படியே போனால் ஒன்றிரண்டு செத்து மிதக்கும். அதே தொட்டியின் அடியில், மணலுக்குள் பாதி உடம்பைப் புதைத்தபடி ஒரு சாண் நீளத்தில் இன்னொரு மீன் கிடக்கிறது. ஒல்லியான பழுப்பு உடம்பு, வாயைச் சுற்றிப் பத்து மீசை. அவ்வப்போது விருட்டென்று மேலே போகிறது. ஒரு வாய் காற்றைக் கவ்விக்கொண்டு திரும்பும்போதே பின்பக்கம் நாலைந்து குமிழி விடுகிறது. மறுபடி மணலுக்குள் நுழைந்துகொள்கிறது. மின்வெட்டு அதற்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

இந்த மீனுக்கு ஜப்பானில் டோஜோ என்று பெயர். அலங்கார மீன் கடைகளில் இதைக் 'குளிர்நீர் மீன்' என்று சொல்லித்தான் விற்பார்கள். விந்தை இரண்டு இடத்தில் இருக்கிறது. குளிர்நீர் மீன் என்றால் கோடையில் முதலில் சாக வேண்டியது இதுதானே? எப்படித் தாக்குப்பிடிக்கிறது? சரி, வெப்பத்தைத் தாங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆண்டு முழுவதும் ஒரே சூட்டில் இருக்கும் வீட்டுத் தொட்டியில் இது முட்டையிடுவது ஏன் இவ்வளவு அபூர்வமாக இருக்கிறது? குளிர்காலத்தில் பனி மூடும் ஜப்பானிய வயலோரங்களில் மட்டும் வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறதே?

இந்த இரண்டு கேள்விக்கும் விடை வெவ்வேறு. உயிரோடு இருப்பதற்கு ஒரு மீனுக்குத் தேவைப்படுவதும், இனம் பெருக்குவதற்குத் தேவைப்படுவதும் ஒன்றல்ல. குளிர் என்பது முதலாவதில் ஆக்சிஜன் கணக்கு. இரண்டாவதில் காலக் கணக்கு.

அயிரையின் பங்காளி

டோஜோ நமக்கு அந்நியமான மீன் இல்லை. மதுரைப் பக்கத்தில் உயிரோடு வாங்கிப் பாலில் விட்டு, மண் கக்க வைத்துக் குழம்பு வைக்கும் அயிரையும் டோஜோவும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் அடிமண்ணைக் கிளறும் பழக்கம் உண்டு, வாயோரம் மீசை உண்டு, செதில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது. டோக்கியோவின் அசக்குசா பகுதியில் 1801 முதல் டோஜோ சமைத்துப் போடும் உணவகம் ஒன்று இன்றும் நடக்கிறது. அங்கே பாலுக்குப் பதில் அரிசி மதுவில் விடுகிறார்கள்.

ஆனால் இரண்டும் பழகிய தட்பவெப்பம் வேறு. தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கும் நம் அயிரைக்கு 1846இல் பிரெஞ்சு மீனியலாளர் வாலென்சியன் அறிவியல் பெயர் வைத்தபோது, அவருக்குக் கிடைத்த மாதிரி திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீர் ஊற்றில் பிடித்தது. டோஜோவோ ஜப்பான், கொரியா, சீனா, தாய்வான், வட வியட்நாம் என்று பரவிய மீன். அந்தப் பரப்பின் வடக்குப் பகுதியில் குளிர்காலம் முழுவதும் சேற்றுக்குள் அசையாமல் கிடந்து, வசந்தத்தில் வெளியே வரும்.

குளிர்நாட்டு அயிரைகள் எல்லாம் ஒரே மாதிரி வாழ்வதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவின் கூழாங்கல் ஓடைகளில் கல் அயிரை என்று சொல்லத்தக்க ஒரு மீன் இருக்கிறது. ஓடும் தண்ணீரும் நிறைந்த ஆக்சிஜனும் இல்லாவிட்டால் அது தாங்காது. கல்லோடு கல்லாக ஒட்டிக்கொள்ளும் தட்டை உடம்புள்ள மலையோடை அயிரைகளும் அப்படித்தான். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் பவானியா என்ற அந்த வகை மீன் உண்டு. டோஜோவும் அதன் ஐரோப்பிய உறவான வானிலை அயிரையும் தேங்கிய நீரின் மீன்கள்: வயல், வாய்க்கால், சேறு. கடையில் ஒரே பெயர்ப் பலகைக்குக் கீழே இருந்தாலும், கல் அயிரைக்குச் செய்யும் தொட்டியில் டோஜோ வாழும். டோஜோவுக்குச் செய்யும் தொட்டியில் கல் அயிரை செத்துப்போகும். இந்தக் கட்டுரை டோஜோவைப் பற்றியது.

வரவு குறையும் மாதத்தில் செலவு கூடினால்

தண்ணீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். எவ்வளவு என்பதைத்தான் பெரும்பாலும் கவனிப்பதில்லை. காற்றோடு நன்றாகக் கலந்த நன்னீரில், 10 டிகிரி செல்சியஸில், லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 20 டிகிரியில் அது 9.1. 30 டிகிரியில் 7.6 மட்டுமே. நீர் சூடாக ஆக, மூலக்கூறுகளின் துள்ளல் அதிகமாகி, கரைந்திருக்கும் வாயு வெளியேறிவிடுகிறது. வெயிலில் வைத்த சோடா பாட்டிலைத் திறந்தால் பொங்கி வழிவதும் இதே இயற்பியல்தான்.

இது வரவு. இனி செலவு. மீனின் உடல்வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பமே. நீர் சூடானால் உடலுக்குள் நடக்கும் வேதிவினைகள் எல்லாம் வேகமெடுக்கும். மொத்தமாகச் சொன்னால், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. 10 டிகிரியில் இருந்த மீனை 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் தேவை நான்கு மடங்கு. அதே நேரத்தில் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். சம்பளம் வெட்டுப்பட்ட அதே மாதத்தில் வீட்டு வாடகையை நான்கு மடங்கு ஏற்றினால் குடும்பம் என்ன செய்யும்? சேமிப்பு எதுவும் மிஞ்சாது. மீனும் அப்படித்தான்: மூச்சு விடுவதிலேயே கையிருப்பெல்லாம் போய்விடும். வளர்ச்சிக்கும், நோயெதிர்ப்புக்கும், முட்டைக்கும் ஒதுக்க ஒன்றும் இருக்காது.

குளிர்நீர் மீன் என்று சொல்வதன் முதல் பொருள் இதுதான். குளிர் சுகமாக இருக்கிறது என்பதற்காக அந்த மீன்கள் அங்கே வாழவில்லை. அவற்றின் உடல் குறைந்த செலவில், நிறைந்த வரவில் ஓடும்படி அமைந்திருக்கிறது. டோஜோவைப் பொறுத்தவரை 15 முதல் 22 டிகிரி வரை நிம்மதியான எல்லை. அதற்கு மேலும் கீழும் தாங்கும் சக்தி உண்டு. தாங்குவது வேறு, தழைப்பது வேறு.

குடலால் விடும் மூச்சு

அப்படியானால் மே மாத மின்வெட்டில் அது ஏன் சாகவில்லை? தண்ணீர் என்னும் வரவு வறண்டபோது அதற்கு இன்னொரு வரவு இருந்தது.

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் இருப்பதைப்போல முப்பது மடங்கு. இந்தப் பெரும் இருப்பு தலைக்கு மேலே சில அங்குலத்தில்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான மீன்களுக்கு அதை எடுக்கும் உறுப்பு இல்லை. செவுள்கள் நீருக்கு வெளியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகும். டோஜோ கண்ட வழி குடல். காற்றை விழுங்குகிறது, அது குடலின் பின்பகுதிக்குப் போகிறது, அங்கே ஆக்சிஜன் ரத்தத்தில் சேர்கிறது, மிச்சம் பின்வழியே குமிழியாக வெளியேறுகிறது. நம் நுரையீரலில் காற்று வந்த வழியே திரும்பிப் போகிறது. இதில் ஒருவழிப் போக்குதான்: புதிய காற்று உள்ளே வரும்போது பழையது வெளியே தள்ளப்படுகிறது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஐரோப்பிய வானிலை அயிரையை வைத்து ஜெர்மன் இயற்பியலாளர் பால் எர்மன் 1808இலேயே இதை ஆராய்ந்தார். அவர் யோசித்த விதம் எளிமையானது. மீன் விழுங்குவது காற்று. பின்வழியாக வருவதும் வெறும் காற்றாகவே இருந்தால் இது ஏதோ பழக்கம், அவ்வளவுதான். வெளியே வரும் வாயுவில் ஆக்சிஜன் குறைந்திருந்தால் உள்ளே யாரோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். குறைந்துதான் இருந்தது.

பிறகு உடற்கூற்றியலாளர்கள் குடலை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முன்பகுதி வழக்கமான செரிமானக் குடல். பின்பகுதியின் சுவரோ மிக மெல்லியது. ரத்த நுண்குழாய்கள் உள்பரப்பு வரைக்கும் ஊடுருவி வந்து, காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே மெல்லிய திரை ஒன்றே மிஞ்சும்படி அமைந்திருந்தன. உணவும் காற்றும் ஒரே குழாயில் போனால் அடைத்துக்கொள்ளாதா என்ற கேள்வி எழும். நடுப்பகுதியில் கழிவு சளியோடு சேர்ந்து சிறு உருண்டைகளாக இறுகி, காற்றுக்கு வழிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

1987இல் பிரையன் மெக்மஹன், வாரன் பர்க்ரென் என்ற இரு உடலியலாளர்கள் டோஜோவின் மூச்சை நீரிலும் காற்றிலும் தனித்தனியே அளந்தார்கள். நீரில் போதிய ஆக்சிஜன் இருக்கும்போது இந்த மீன் பெரும்பாலும் செவுளையும் தோலையும் நம்பியே வாழ்கிறது. நீரில் ஆக்சிஜன் குறையக் குறையத்தான் மேலே வந்து காற்று விழுங்குவது கூடுகிறது. கரியமில வாயுவை வெளியேற்றும் வேலை பெரும்பாலும் செவுளிடமும் தோலிடமுமே இருக்கிறது. ஆகவே குடல் மூச்சு ஒரு துணை வழி, அவசரக் காலத்துக்கானது. உங்கள் தொட்டியில் டோஜோ நிமிடத்துக்கு நிமிடம் மேலே போய் வந்தால் 'விளையாடுகிறது' என்று மகிழ வேண்டாம். தண்ணீர் சரியில்லை என்று அது சொல்கிறது.

இந்த மீனின் தந்திரம் மருத்துவத்துக்கும் போயிருக்கிறது. மருத்துவ ஆய்வாளர் டக்கானோரி டக்கேபே தலைமையிலான குழு, மூச்சுத்திணறும் எலிகளுக்கும் பன்றிகளுக்கும் ஆக்சிஜன் ஏற்றிய பெர்ஃப்ளூரோகார்பன் திரவத்தை மலக்குடல் வழியே செலுத்தினால் ரத்தத்தில் ஆக்சிஜன் உயர்வதை 2021இல் காட்டியது. டோஜோவே தூண்டுகோல் என்று அவர்கள் சொன்னார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2024இல் இதற்குக் கிடைத்தது. 2025இல் 27 ஆரோக்கியமான ஆண்களிடம், ஆக்சிஜன் ஏற்றாத திரவத்தைக்கொண்டு, பாதுகாப்பை மட்டும் சோதிக்கும் முதல் கட்டப் பரிசோதனை வெளியானது.

தொட்டிக்குள் நடப்பது

ஆக்சிஜனுக்கு அடுத்த ஆபத்து அம்மோனியா. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அது உண்டாகிறது. தொட்டியில் இருக்கும் பாக்டீரியாக்களில் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். ஃபில்டரின் உண்மையான வேலை அழுக்கைப் பிடிப்பதைவிட இந்தப் பாக்டீரியாக்களுக்கு வீடு கொடுப்பதுதான். அதனால்தான் புதுத் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது என்கிறார்கள்: குடியேற்றம் முடிய நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். குளிரில் இன்னும் கூடுதலாகும், ஏனென்றால் பாக்டீரியாவின் வேதிவினையும் வெப்பத்துக்குக் கட்டுப்பட்டதே. குளிர்காலத்தில் தீவனத்தைக் குறைக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். மீனின் செரிமானமும் மந்தமாகிவிடும் என்பது இன்னொன்று.

டோஜோவுக்கு அம்மோனியாவைச் சமாளிக்கவும் ஒரு கூடுதல் திறமை இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இப் யுவென் குவோங், டேவிட் ராண்டல் முதலியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மீன் நீரை விட்டு வெளியே இருக்கும்போது உடலில் சேரும் அம்மோனியாவின் ஒரு பகுதியை வாயுவாகவே காற்றில் விட்டுவிடுகிறது என்று காட்டினார்கள். தோல் பரப்பு காரத்தன்மை அடைவது அதற்குத் துணைசெய்கிறது. வயல் வற்றினால் ஈரச் சேற்றில் பல நாள் கிடக்க வேண்டிய மீனுக்கு இது தேவைதானே. ஆனால் இதை நம்பி அழுக்குத் தொட்டியில் போட்டுவைப்பது, பட்டினி கிடக்கத் தெரிந்தவனுக்குச் சோறு போடாமல் இருப்பதற்குச் சமம்.

தொட்டி அமைப்பில் கவனிக்க வேண்டியவை சில. அடியில் கூரான சரளைக்கல் கூடாது. மென்மையான ஆற்று மணல் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு வேண்டும். டோஜோ மணலை வாயில் அள்ளி, இரையை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்த்துவிடும். கூர்க்கல்லில் மீசை தேய்ந்து புண்ணாகும். இது கூட்டமாக வாழும் மீன். ஐந்தாறையாவது சேர்த்து வைக்க வேண்டும். அதற்கு மூன்றரை, நான்கு அடி நீளத் தொட்டி தேவை. ஃபில்டரின் உறிஞ்சு குழாய்க்கு ஸ்பாஞ்ச் மாட்டாவிட்டால் உள்ளே புகுந்துவிடும். மூடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் வெளியேறிவிடும். செதில் மிகச் சிறியது என்பதால், பொதுவான மீன் மருந்துகளை, முக்கியமாகத் தாமிரம் கலந்தவற்றை, முழு அளவில் ஊற்றக் கூடாது.

மழை வருவது தெரியுமா?

ஐரோப்பியக் கிராமங்களில் இதன் உறவு மீனைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து, வானிலை சொல்லும் மீனாக வளர்த்திருக்கிறார்கள். இடிமழைக்கு முன் அது அமைதியிழந்து மேலும் கீழும் ஓடும். 'வானிலை அயிரை' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அழுத்தத்தை உணரும் கருவி அதனிடம் இருப்பது உண்மை. கெண்டை, கெளுத்தி, அயிரை முதலிய மீன்களுக்குக் காற்றுப்பைக்கும் உள்காதுக்கும் நடுவே தொடராகச் சில சிறு எலும்புகள் உண்டு. 1820இல் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வெபர் விவரித்ததால் அவற்றை வெபர் எலும்புகள் என்கிறோம். காற்றுப்பை விரிந்து சுருங்கினால் அந்த அசைவு காதுக்குப் போகும். அயிரைகளில் அந்தப் பையின் முன்பகுதி ஓர் எலும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். புயல் நெருங்கும்போது காற்றழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைகிறது என்று கொள்வோம். நீருக்குள் அது 10 சென்டிமீட்டர் மேலே வருவதற்குச் சமம். நாற்பது சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் அடியிலிருந்து மேலே ஒரு முறை போய்வந்தாலே அதைப்போல நான்கு மடங்கு மாற்றம். எனவே இன்னொரு விளக்கத்தையும் யோசிக்க வேண்டியிருக்கிறது: இடிமழைக்கு முன் வரும் புழுக்கத்தில் நீர் சூடாகிறது, காற்று அசையாமல் நிற்கிறது, தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது, மீன் காற்று விழுங்க மேலே ஓடுகிறது. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் மூடிய கலத்தில் வெப்பத்தையும் ஆக்சிஜனையும் மாறாமல் வைத்து அழுத்தத்தை மட்டும் இறக்கிப் பார்க்க வேண்டும். வீட்டில் அதைச் செய்ய முடியாது. ஆனால் மேகம் கறுக்கும்போது தொட்டியில் வெப்பமானியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மீனை ஜோதிடராக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எந்த மாதம் என்று எப்படித் தெரியும்?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். முட்டை ஏன் வருவதில்லை?

முட்டை ஒரே நாளில் உருவாகிவிடுவதில்லை. பெண்மீனின் கல்லீரல் கருவுணவுப் புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. சினைப்பை அதை உறிஞ்சி ஒவ்வொரு முட்டையாக நிரப்புகிறது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. ஆணையிடுவது மூளை. பகல் எவ்வளவு நீளம், நீர் எவ்வளவு சூடு என்ற இரண்டு செய்தியும் மூளைக்குப் போக, அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு இறங்குகிறது. அது ஹார்மோனைச் சுரந்து சினைப்பையை எழுப்புகிறது. நிரம்பிய முட்டையை வெளியே விடுவது இன்னொரு தனி உத்தரவு.

இவை இரண்டு படிகள் என்பது எப்படித் தெரியும்? ஆய்வுக்கூடங்களில் சினை முற்றிய பெண் டோஜோவுக்கு ஓர் இனப்பெருக்க ஹார்மோனை ஊசியில் போடுகிறார்கள். அரை நாளில் முட்டை வந்துவிடுகிறது. சினை முற்றாத பெண்ணுக்கு எத்தனை ஊசி போட்டாலும் வராது. கடைசிப் படியைக் குறுக்கு வழியில் தாண்டலாம். முதல் படியைத் தாண்ட முடியாது.

அந்த முதல் படிக்கு மீன் எதிர்பார்ப்பது வெறும் குளிரைத்தான் என்றால், பனியே காணாத தெற்குத் தாய்வானில் டோஜோ இருந்திருக்காது. அது எதிர்பார்ப்பது வேறுபாட்டை. குளிர்ந்து கிடந்த நீர் மெல்லச் சூடாவது, குறுகிக் கிடந்த பகல் நீள்வது, வறண்ட வாய்க்காலில் புதுவெள்ளம் வருவது: இவை மூன்றும் சேர்ந்தால் குஞ்சுகளுக்கு இரை நிறையும் காலம் வந்துவிட்டது என்று பொருள். ஜப்பானில் நாற்று நடவுக்காக வசந்தத்தின் முடிவில் வயல்களில் தண்ணீர் கட்டுகிறார்கள். ஆழமில்லாத அந்த நீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும். நுண்ணுயிர்கள் கொழிக்கும். வாய்க்காலில் இருக்கும் டோஜோக்கள் ஓட்டத்தை எதிர்த்து வயலுக்கு ஏறி முட்டையிடும். ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரே 28 டிகிரி, ஒரே பன்னிரண்டு மணி விளக்கு என்று இருக்கும் தொட்டியில் இந்தத் தகவல் எதுவும் இல்லை. முட்டைக்கு நல்ல காலம் எது என்று மீனால் சொல்ல முடியாது.

ஆகவே இனப்பெருக்கம் வேண்டுவோர் தொட்டிக்குள் ஒரு மார்கழியைச் செய்துகாட்ட வேண்டும். ஐரோப்பாவில் இதை வெகு சுலபமாகச் செய்கிறார்கள்: ஹீட்டரைக் கழற்றிவிட்டு, தொட்டியைச் சூடேற்றாத அறையில் வைத்துவிடுவார்கள், அல்லது தோட்டத்துக் குளத்தில் விட்டுவிடுவார்கள். இரண்டு மூன்று மாதம் நீர் 8 முதல் 12 டிகிரியில் இருக்கும். விளக்கு எட்டு மணி நேரம். தீவனம் பேருக்கு. பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு டிகிரியாகச் சூட்டை ஏற்றி 20 டிகிரிக்கு மேல் கொண்டுவருகிறார்கள். விளக்கைப் பதினான்கு மணி நேரமாக்குகிறார்கள். ரத்தப்புழு, மண்புழுத் துண்டு என்று புரதத்தைக் கூட்டுகிறார்கள். கடைசியில் சற்றே குளிர்ந்த புதுநீரை நிறைய மாற்றுகிறார்கள். அது வயலுக்கு வந்த வெள்ளம். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் இதற்குப் பெரிய செலவில்லை. சமவெளியில் நீரின் மேல் மின்விசிறி வைத்தால் ஆவியாதலால் சில டிகிரிதான் குறையும். அதற்கும் கீழே போக வேண்டுமானால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் கட்டாயம்.

ஆணா பெண்ணா என்பதை மார்புத் துடுப்பைப் பார்த்துச் சொல்லலாம். பெண்ணுக்கு அது சிறியது, வட்டமானது. ஆணுக்கு நீளமானது, கூரானது. அடியில் ஓர் எலும்புத் தகடு புடைத்திருக்கும். முட்டையிடும் நேரத்தில் ஆண்கள் பெண்ணைத் துரத்தும். ஓர் ஆண் அவள் இடுப்பைச் சுற்றி முழுவளையமாகச் சுருண்டு இறுக்கும். அந்தத் தகடு பிடிப்புக்கு உதவும். முட்டைகள் சிதறி விழும், ஆண் அவற்றைக் கருவுறச் செய்யும். ஒரே நாளில் இது பலமுறை நடக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும் முட்டைகள் பாசியிலோ செடியிலோ ஒட்டிக்கொள்ளும். பெற்றோருக்குப் பாசம் கிடையாது. கண்ணில் பட்டால் தின்றுவிடும். அடியில் வலை விரிப்பதும், ஜாவா பாசியையோ நைலான் நூல் கற்றையையோ வைத்து முட்டையோடு வேறு தொட்டிக்கு மாற்றுவதும் அதனால்தான்.

20 டிகிரிக்கு மேல் இருந்தால் இரண்டு மூன்று நாளில் குஞ்சு பொரியும். அவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பவர் வியப்பார்: வானிலை அயிரைகளின் குஞ்சுகளுக்குத் தலையின் இரு பக்கமும் செவுள் இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குடல் மூச்சு வருவதற்கு முன், ஆக்சிஜன் குறைந்த தேங்கு நீரில் பிறந்த குஞ்சுக்கு இயற்கை செய்த தற்காலிக ஏற்பாடு அது. வளர வளர மறைந்துவிடும். கருவுணவு தீர்ந்ததும் இன்ஃபுசோரியா என்னும் நுண்ணுயிர்களும், சில நாளில் அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறால் குஞ்சுகளும் இரையாகும். இந்தப் பருவத்தில்தான் பெரும்பாலும் தோற்றுப்போகிறார்கள். முட்டைக்கு மார்கழி செய்தவர், குஞ்சுக்கு வயலின் நுண்ணுயிர்க் கொழிப்பையும் முன்கூட்டியே தயார் செய்திருக்க வேண்டும்.

அப்பா இல்லாத குஞ்சுகள்

டோஜோவின் இனப்பெருக்கத்தில் இன்னொரு விசித்திரம் ஹொக்கைடோவில் வெளிப்பட்டது. அங்கே சில இடங்களில் தாயின் நகலாகவே பிறக்கும் டோஜோ வம்சங்கள் இருப்பதை ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் கட்சுதோஷி அராய் குழு கண்டறிந்தது.

கண்டறிந்த முறை அழகானது. ஆண் விந்தணுவைப் புற ஊதாக் கதிரில் காட்டினால் அதன் மரபணு அழிந்துவிடும். ஆனால் முட்டையைத் தட்டி எழுப்பும் திறன் போகாது. வழக்கமான முட்டையில் தாயின் குரோமோசோம்களில் பாதிதான் இருக்கும். எனவே இப்படி எழுப்பினால் பாதிக் குரோமோசோமோடு ஊனமான குஞ்சு வந்து செத்துப்போகும். இந்த வம்சத்து முட்டைகளோ முழு ஆரோக்கியமான குஞ்சுகளைத் தந்தன. அப்படியென்றால் முட்டையிலேயே குரோமோசோம்கள் பாதியாகாமல் முழுதாக இருந்திருக்கின்றன. மரபணுக் கைரேகையைச் சோதித்தபோது குஞ்சுகள் தாயோடு அச்சு அசலாகப் பொருந்தின. ஆண் அங்கே அலாரம் அடிப்பவன் மட்டுமே. சில சமயம் விந்தணுவின் மரபணுவும் உள்ளே சேர்ந்துகொண்டால் மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மீன் பிறக்கும். சீனாவில் நான்கு தொகுதி உள்ளவையும் இயற்கையிலேயே இருக்கின்றன.

மிஞ்சும் குஞ்சுகள்

ஒரு பெண் டோஜோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். முயற்சி வெற்றி பெற்றால் நூறு, இருநூறு குஞ்சாவது தேறும். அவற்றை என்ன செய்வது?

ஜப்பானிலேயே இந்த மீனுக்கு நெருக்கடி வந்திருக்கிறது. வாய்க்கால்களை கான்கிரீட்டாக்கி ஆழப்படுத்தியபோது வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே செங்குத்தான படி உண்டானது. முட்டையிட ஏற வேண்டிய மீன் ஏற முடியாமல் போனது. 2018இல் ஜப்பானின் சிவப்புப் பட்டியலில் டோஜோ அச்சுறுத்தலை நெருங்கும் இனமாகச் சேர்க்கப்பட்டது. ஹியோகோ மாகாணத்தின் டொயோஓக்காவில் 2005 முதல் நாரைகளை மீண்டும் இயற்கையில் விட்டபோது, அவற்றின் இரைக்காக வயல்களுக்கு மீன் ஏறும் பாதைகளும் அமைத்தார்கள். ஐரோப்பாவின் வானிலை அயிரையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட ஆணையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. ஜெர்மனியில் அதை வளர்த்து ஆற்றில் விடும் திட்டங்கள் நடக்கின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு நாமும் மிஞ்சிய குஞ்சுகளை அருகிலுள்ள ஓடையில் விட்டுவிடலாமே என்று தோன்றினால், மற்ற நாடுகளில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகனில் 1930களிலேயே டோஜோ தப்பி ஓடையில் குடியேறிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 1984இல் இயற்கை நீர்நிலையில் முதன்முதலாகக் கண்டார்கள், 1986இல் இறக்குமதியைத் தடை செய்தார்கள், அதற்குள் பரவிவிட்டது. ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் ஆறுகளிலும் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில் குடலால் மூச்சு விடும், அம்மோனியாவைத் தாங்கும், பனியிலும் சேற்றிலும் உயிர் பிழைக்கும் மீனுக்கு ஒரு சாக்கடைகூடப் போதும். தொட்டியில் அதை வளர்ப்பதை எளிதாக்கும் ஒவ்வொரு குணமும் ஓடையில் அதை அகற்றுவதைக் கடினமாக்குகிறது. நீலகிரியிலும் பழனி மலையிலும் ஓடும் குளிர்ந்த நீருக்கு அதற்கே உரிய மீன்கள் உண்டு. அதனால் மார்கழியைச் செய்யும் முன்பே குஞ்சுகளை யாருக்குக் கொடுப்பது என்று பேசிவைத்துக்கொள்வதும், முடியாவிட்டால் முட்டைகளை அவற்றின் பெற்றோருக்கே தின்ன விட்டுவிடுவதும்தான் பொறுப்பான வளர்ப்பு.